ஆடி மாதத்துக் கல்யாணக் குதிரை

அவர் யாரிடமும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. சொல்லித்தான் பார்த்திருக்கிறேன்.

"ஏனுங்க, நாளையிலிருந்து குதிரை ஏறப் போறேனுங்க" என்று அவர் தன் கணவரிடம் போனில் சொன்னபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். குதிரையேற்றம் கற்றுக்கொள்ளப் பேர் கொடுக்க இரண்டு பேரும் வந்திருந்த நாள் அது. கணவர் மத்தியப் பிரதேசத்தில் எங்கோ ஒரு காட்டில் போர்வெல் ரிக் வண்டியோடு இருந்தார். போனுக்குள் கம்ப்ரசர் இரைவது எனக்கே கேட்டது. அந்தப் பக்கத்திலிருந்து என்ன பதில் வந்ததோ, இவர், "கேக்கலீங்களா? பரவால்லீங்க. நான் சொல்லிட்டேன்" என்று வைத்துவிட்டார். வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' இருந்தது. மரியாதையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அனுமதி மட்டும்தான் கேட்கவில்லை.

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. அவருக்கு முப்பத்தெட்டு இருக்கும். திருச்செங்கோட்டுப் பக்கம். பையனின் படிப்புக்காக அயோத்தியாப்பட்டணத்தில் வீடு எடுத்திருந்தார்கள். குதிரைக்கார பாய் அவரை 'ரிக்கம்மா' என்று கூப்பிடுவார். நான் 'அக்கா' என்பேன். அவர் என்னை 'சாமி' என்பார். முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது நான் திரும்பிப் பார்த்தேன். நாங்கள் வேதக்காரக் குடும்பம், கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் சாமியார் வந்தால்தான் சாமி என்போம். அவருக்கு நான் சாமி, அவர் பையன் சாமி, காய்கறி வண்டிக்காரர் சாமி, குதிரையும் சாமி.

நான் அங்கே போய்ச் சேர்ந்த கதை அவருடையதற்கு நேர் எதிர். அஸ்தம்பட்டியில் ஒரு ஸ்கேன் சென்டரில் டாக்டர் சொல்லும் ரிப்போர்ட்டுகளை டைப் அடிக்கும் வேலை எனக்கு. பஸ் நிறுத்தத்துக் கரண்ட் கம்பத்தில் ஒரு நாள் சிவப்பு எழுத்தில் நோட்டீஸ் ஒட்டியிருந்தது: ஆடிச் சலுகை, குதிரையேற்றம் கற்றுத் தரப்படும், பெண்களும் வரலாம். அந்தக் கடைசி இரண்டு வார்த்தைகளை நான் நாலு நாள் பஸ் ஏறும்போதெல்லாம் படித்தேன். பிறகு அம்மாவிடம் கேட்டேன். அம்மா அப்பாவைக் கேட்கச் சொன்னார். அப்பா, "சாமியாரை ஒரு வார்த்தை கேட்டுடு" என்றார். பங்குச் சாமியார் சிரித்துவிட்டு, "நம்ம புனிதர் சந்தியாகப்பரே குதிரையிலதானம்மா இருக்கார், போ" என்றார். இவ்வளவு பேர் சரி என்ற பிறகும், முதல் நாள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "போகட்டுமாம்மா?" என்று மறுபடி ஒரு தடவை கேட்டேன்.

பாயின் இடம் ஆத்தூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. மூன்று குதிரைகள். மூன்றுக்கும் வேலை கல்யாணம்தான். மாப்பிள்ளை அழைப்புக்கு ஜிகினாத் துணி போட்டு, நெற்றியில் குஞ்சம் கட்டி அனுப்புவார். தவிலோ பேண்டோ கேட்டால் முன்னங்காலை மாற்றி மாற்றித் தூக்கி ஆடவேண்டும் என்று பழக்கியிருந்தார். ஆடி பிறந்தால் கல்யாணம் கிடையாது, குதிரைகள் சும்மா நிற்கும். அதனால்தான் ஆடிச் சலுகை.

மைதானத்துக்குள் வரும்போது போனை அணைத்துவிட வேண்டும் என்பது பாயின் சட்டம். "ரிங்டோன்ல நாதஸ்வரம் வெச்சிருக்கிற ஆளுங்க இருக்காங்கம்மா. அது கேட்டா ராணி கல்யாணம்னு நினைச்சுக்கும்" என்பார். ராணிதான் எங்கள் இரண்டு பேருக்கும் கொடுத்த குதிரை. வெள்ளை. வாய்க்கு மேலே மட்டும் யாரோ டீயைக் கொட்டியதுபோல ஒரு பழுப்பு.

அக்கா ராணியிடமும் சொல்லித்தான் எதையும் செய்வார். கழுத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. "வாரைக் கட்டறேன் சாமி." மறுபடி இரண்டு தட்டு. "ஏறறேன் சாமி." திரும்ப வேண்டுமென்றால் இரண்டு தட்டு, நிற்க வேண்டுமென்றால் இரண்டு தட்டு.

பாய் சிரிப்பார். "குதிரைக்குத் தமிழ் தெரியாதும்மா."

"தமிழ் தெரியாட்டி என்னுங்க பாய், கை தெரியுமல்ல."

நான் ஏறும்போது பாயைப் பார்ப்பேன். "இப்ப ஏறட்டுமா? கால இங்க வெக்கட்டுமா?" ராணி பொறுமையாக நின்றது என்றாலும், இவள் எப்போது முடிவு செய்வாள் என்று அதற்கும் அலுப்பாக இருந்திருக்கும். ஆனால் ஏறிவிட்டால் வேறு கதை. தரையிலிருந்து ஐந்தடி மேலே போனதும் எனக்குள் ஏதோ ஒன்று கேள்வி கேட்பதை நிறுத்திவிடும். தூரத்தில் ஏற்காட்டு மலை தெரியும். அந்தக் காலை நேரங்களைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் மிகையாகச் சொல்கிறேனோ என்று தோன்றும். விட்டுவிடுகிறேன்.

ஆடி இரண்டாம் வெள்ளியன்று அக்கா விழுந்தார்.

அன்று அக்காவின் முறை முதலில். ராணியைத் துள்ளுநடையில் விட்டு மைதானத்தின் அந்தக் கோடியில் இருந்தார். நான் வாசல் கேட்டோரம் என் முறைக்காக நின்றிருந்தேன். ரோட்டுப் பக்கம் நான்தான் அருகில். அதனால் எனக்குத்தான் முதலில் கேட்டது. மிகத் தூரத்தில் தவில். மாரியம்மன் கோயிலுக்குப் பால்குடம் போகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்தேன். ராணி மேளத்துக்கு என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். சொல்லலாமா என்று யோசித்தேன். ஊர்வலம் வேறு தெருவில் திரும்பிவிடலாம். ரேடியோவாக இருக்கலாம். நான் கத்தினால் அதிலேயே குதிரை மிரளலாம். பாய் உள்ளே தீவனம் கலக்கிக்கொண்டிருந்தார், அவரிடம் முதலில் கேட்கலாமா.

இப்படி நான் நினைத்துக்கொண்டிருந்தபோதே ஊர்வலம் எங்கள் தெருமுனையில் திரும்பி, தவிலும் பேண்டும் ஒரேயடியாக முழங்கின.

ராணி தன் வேலையைச் செய்தது. ஓட்டத்தில் சட்டென்று நின்று, முன்னங்கால்களை மாற்றித் தூக்கி, பக்கவாட்டில் ஆடியது. கல்யாணத்தில் கயிற்றைப் பிடிக்க இரண்டு ஆள் இருப்பார்கள். இங்கே யாரும் இல்லை. அக்கா இடது பக்கமாகச் சரிந்து, மைதானத்தின் ஓரத்துக்குப் பதித்திருந்த கல்வரிசை மேல் விழுந்தார்.

நான் ஓடினேன். பாய் கையில் சாட்டையோடு ஓடி வந்தார். அக்காவால் பேச முடியவில்லை. துண்டு துண்டாக மூச்சை எடுத்து, அவர் சொன்ன முதல் வாக்கியம் இது: "குதிரைய அடிக்காதீங்க பாய். மேளம் வருதுன்னு அதுக்கு ஆரு சொன்னா?"

பாய் தலையில் கைவைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். "கல்யாணம் இல்லாத மாசம்னுதான் பாத்தேன். மேளம் இல்லாத மாசமான்னு பாக்கலியே."

ஆடியில் சேலத்தில் மேளம் இல்லாத தெரு ஏது. எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்த விஷயம் அது. ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆட்டோவில் என் ஸ்கேன் சென்டருக்கே கூட்டிப்போனேன். எக்ஸ்ரே எடுத்து, டாக்டர் பார்த்துச் சொல்லச் சொல்ல, ரிப்போர்ட்டை டைப் அடித்ததும் நான்தான். இடது பக்கம் ஆறாவது, ஏழாவது விலா எலும்புகளில் முறிவு. இடதா வலதா என்று மூன்று தடவை சரிபார்த்தேன். அதில் தவறு வரக்கூடாது என்று அவ்வளவு கவனம்.

வெளியே பெஞ்சில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சாய்ந்தால் வலி, குனிந்தால் வலி. நான் கவரை நீட்டியபோது அதை வாங்காமல் என்னைப் பார்த்தார்.

"மேளம் வந்தது உனக்குக் கேட்டுச்சா சாமி?"

"இல்லக்கா" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். மூச்சை இழுத்தார், பாதியில் நின்றுவிட்டது. "செரி" என்றார்.

எலும்பு டாக்டரின் அறைக்கும் நான் கூடப் போனேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "குதிரையா? இந்த வயசுல யாரைக் கேட்டு ஏறினீங்க?" என்றார்.

"ஆரையும் கேக்கலீங்க. மறுக்கா எப்ப ஏறலாமுன்னு சொல்லிட்டீங்கன்னா, பாய்கிட்டச் சொல்லிருவேன்."

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். குறைந்தது பத்து வாரம் என்று சொல்லி, மூச்சுப் பயிற்சிக்கு அந்த மூன்று பந்துக் கருவியை எழுதிக் கொடுத்தார். கண்ணாடி போன்ற மூன்று குழாய், உள்ளே மூன்று பந்து. குழலை வாயில் வைத்து மூச்சை இழுத்தால் பந்துகள் ஒவ்வொன்றாக மேலே ஏற வேண்டும். விலா ஒடிந்தவர்களுக்குக் கட்டுப் போட மாட்டார்கள். ஆழமாக மூச்சு விடச் சொல்வார்கள். எது வலிக்கிறதோ அதையே தினமும் செய்யச் சொல்வார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் அவர் வீட்டுக்குப் போவேன். மூன்று தலையணையில் சாய்ந்து, உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார் என்பது கட்டிலைப் பார்த்தாலே தெரியும். கருவியை எடுத்து இழுத்துக் காட்டுவார்.

"ரெண்டு பந்து ஏறீருது. மூணாவது ஏற மாட்டீங்குது. கம்ப்ரசர் நல்லாத்தான் இருக்குது சாமி. ஹோஸுலதான் எங்கியோ லீக்கு."

நான் சிரித்துவிடுவேன். அவருக்கும் சிரிப்பு வரும், உடனே இடது பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொள்வார். "சிரிக்க வெக்காத. தும்மலாச்சும் சொல்லிட்டு வருது. சிரிப்பு சொல்லாமக் கொள்ளாம வந்துருது."

ஒரு ஞாயிறு ஊரிலிருந்து அவருடைய சின்னம்மா பார்க்க வந்திருந்தார். பழத்தை வைத்துவிட்டு உட்காரும் முன்பே ஆரம்பித்தார். "பொம்பள குதிரை மேல ஏறுனா இப்படித்தான் ஆவும்."

"சின்னம்மா, போன வருசம் நம்மூட்டு மாடிப்படியில உளுந்து காலை ஒடிச்சுக்கிட்டீங்களே. அப்பறம் நீங்க படியே ஏறலீங்களா?"

"அதும் இதும் ஒண்ணாடி?"

"படி அசையாம நின்னுச்சுங்க. அதுலயே உளுந்துட்டீங்க. குதிரை ஆடுனதுலதானுங்க நான் உளுந்தேன்."

சின்னம்மா என்னைப் பார்த்து, "நீயாச்சும் சொல்லு கண்ணு" என்றார். ஆரஞ்சுப் பழம் உரித்தேன்.

எல்லாவற்றையும் நான் ரசித்தேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும். இன்னொரு ஞாயிறு நான் இருக்கும்போதே, பையனைக் கூப்பிட்டு, "அடுத்த வருசம் அப்பாகிட்டயே போயிரலாம் சாமி. அங்க பள்ளிக்கோடம் பார்த்தாச்சு" என்றார். அவன் எட்டாவது படித்துக்கொண்டிருந்தான். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டையே பார்த்தான். "எங்கிட்ட ஒண்ணும் கேக்கலயேம்மா" என்றான். "அதுதான் சொல்றேனல்ல" என்றார் அவர். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான், சாப்பிடவில்லை. சொல்லிவிட்டால் போதும் என்று இருப்பவரோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். கேட்டுக்கொண்டே இருக்கும் என்னோடு வாழ்வது எப்படி இருக்கும் என்று அப்போது யோசிக்கவில்லை.

பதினோராவது வாரம், புரட்டாசியில், போன் வந்தது. "சனிக்கிழம காலையில பாய் எடத்துக்கு வந்துரு சாமி. உனக்கு ஒரு வேலை இருக்குது."

புரட்டாசியிலும் கல்யாணம் கிடையாது. குதிரைகளைப் போலவே மேளக்காரர்களும் சும்மா இருந்தார்கள். தவிலோடு ஒருவரும் டிரம்மோடு ஒருவரும் மைதானத்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வரச் சொல்லியிருக்கிறார். பாய்க்கு விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "மெதுவா ரெண்டு சுத்து போங்க ரிக்கம்மா, போதும். மேளமெல்லாம் எதுக்கு?"

"மேளம் வந்தா ஆடறது அதோட வேலைங்க பாய். அது ஆடறப்ப உக்காரத் தெரியாம நான் என்னத்த ஏறறது?"

பிறகு என்னிடம் வந்தார். கேட்டோரம், அன்று நான் நின்ற அதே இடத்துக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். மேளக்காரர்கள் ரோட்டு முனைக்குப் போய் அங்கிருந்து வாசித்துக்கொண்டே வருவார்கள் என்றார்.

"இங்க இருந்தாத்தான் மொதல்ல கேக்கும். கேட்டதும் எனக்குச் சொல்லு. நீ சொன்னாத்தான் நான் ராணிக்குச் சொல்ல முடியும்."

அவ்வளவுதான். வேறு எதுவும் சொல்லவில்லை. குரலில் குத்தல் இல்லை, மன்னிப்பும் இல்லை. ஒரு வேலையைக் கொடுக்கும் குரல். எனக்கு முகம் சுட்டது. பெஞ்சில் அந்தப் பாதி மூச்சோடு என்னைப் பார்த்தபோதே அவருக்குத் தெரிந்திருக்கிறது.

மரப்பெட்டி மேல் ஏறி நின்றார். மூச்சை ஒரு தடவை முழுக்க இழுத்துப் பார்த்தார். ராணியின் கழுத்தில் இரண்டு தட்டு. "ஏறறேன் சாமி." வலது காலைத் தூக்கிப் போடும்போது உதட்டைக் கடித்தது இங்கிருந்தே தெரிந்தது. நடையில் ஒரு சுற்று. இன்னொரு சுற்று.

ரோட்டில் தவில்காரர் வாரைத் தோளில் மாட்டுவது தெரிந்தவுடனேயே, முதல் அடி விழும் முன்பே, நான் இரண்டு கையையும் தூக்கிக் கத்தினேன். "அக்கா, மேளம் வருது."

அவர் கையைத் தூக்கி, கேட்டது என்று காட்டினார். குனிந்து கழுத்தில் இரண்டு தட்டு. உதடு அசைந்தது.

மேளம் வந்தது. ராணி நின்றது, தலையை வளைத்தது, வலது முன்னங்காலைத் தூக்கியது, இறக்கியது, இடதைத் தூக்கியது. அக்கா ஒரு கையால் பிடரி மயிரையும் மறு கையால் தன் விலாவையும் பிடித்துக்கொண்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டி, ராணியின் மேல் உட்கார்ந்திருந்தார். நான் எத்தனையோ மாப்பிள்ளைகளைக் குதிரை மேல் பார்த்திருக்கிறேன். மாலைக்கும் தலைப்பாகைக்கும் நடுவில் எப்போது இறக்கி விடுவார்கள் என்ற முகம்தான் இருக்கும். அக்காவின் முகத்தில் வலி இருந்தது. அதற்கு மேலே வேறொன்றும் இருந்தது, அதற்கு நான் பேர் வைக்கவில்லை. தவில்காரருக்கே உற்சாகம் வந்து கொஞ்சம் கூடுதலாக வாசித்தார்.

"மாப்பிள்ளைங்கள்ல ஒருத்தன்கூட இப்படி உக்காந்ததில்ல" என்றார் பாய்.

இறங்கியதும் அக்கா கடிவாளத்தை என் பக்கம் நீட்டினார். வேர்த்திருந்தார். "இப்ப நீ ஏறு சாமி."

எனக்கு ஏற வேண்டும் என்று இருந்தது. சத்தியமாக இருந்தது. ஆனால் அவர் விழுந்ததற்குப் பிறகு நான் வீட்டில், "இனிமேல் போகட்டுமா வேண்டாமா?" என்று கேட்டிருந்தேன். அப்படிக் கேட்டால் எந்த அம்மாதான் போ என்பார்?

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றேங்க்கா."

"செரி சாமி. கேட்டுட்டுச் சொல்லு."

இன்னும் சொல்லவில்லை.

ஐப்பசியில் எனக்குச் சம்பந்தம் பேசி, தை மாதம் கல்யாணம் நடந்தது. பத்திரிகை கொடுக்கப் போனபோது அயோத்தியாப்பட்டணத்து வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள். முழு வருடம்கூடக் காத்திருக்காமல் போய்விட்டாராம். போன் நம்பர் இந்தியில் ஏதோ சொல்லி அறுந்தது. நான் ஓசூருக்குப் போனேன், மகள் பிறந்தாள், மறுபடி அஸ்தம்பட்டிக்கே வந்தோம். எட்டு வருடம். நடுவில் எத்தனையோ முறை கல்யாண ஊர்வலங்களில் வெள்ளைக் குதிரையைப் பார்த்து ஸ்கூட்டரை ஓரம் கட்டியிருக்கிறேன். வாய்க்கு மேல் பழுப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன்.

இந்தப் பங்குனியில் பாலர் பள்ளியிலிருந்து மகளைக் கூட்டி வரும்போது வேகத்தடை மணலில் ஸ்கூட்டர் சறுக்கியது. குழந்தை என் மேல் விழுந்தாள், ஒரு கீறல் இல்லை. எனக்கு வலது பக்கம் எட்டாவது விலாவில் விரிசல். டாக்டர் அதே மூன்று பந்துக் கருவியைக் கையில் கொடுத்தபோது நான் சிரித்துவிட்டேன், உடனே பக்கத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். இரண்டு பந்து ஏறியது. மூன்றாவது ஏறவில்லை. ஹோஸில்தான் லீக் என்று சொல்லிச் சிரிக்க ஆளில்லை. கணவரிடம் சொன்னேன். அவர் கருவியை வாங்கிக் குழாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "லீக்கெல்லாம் இல்லையே" என்றார்.

அந்த வாரங்களில் ஒன்றைக் கவனித்தேன். என் மகள், "அம்மா, தண்ணி குடிக்கட்டுமா?" என்கிறாள். "அம்மா, ஜன்னல்கிட்ட நிக்கட்டுமா?" "அம்மா, சிரிக்கட்டுமா, உனக்கு வலிக்குமா?" மூன்றரை வயது. இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுக்கவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆனி முடிவில் டாக்டர் எல்லாம் செய்யலாம் என்றார். குதிரை என்று குறிப்பிட்டே சொல்லி அவர் முகத்தைப் பார்த்தேன். "மொதல்ல நடை மட்டும். குலுங்கக் கூடாது" என்றார். ஆடி பிறந்தது. மூன்று நாள் மனசுக்குள் வாக்கியத்தைத் திருத்தித் திருத்தி எழுதினேன். நாலாம் நாள் காலை, அத்தை காபி ஆற்றிக்கொண்டிருந்தார், கணவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் காலையில குதிரை ஏறப் போறேன்" என்றேன்.

கணவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "விலாவுக்கு?"

"டாக்டர்கிட்டச் சொல்லிட்டேன்."

அத்தை காபியை என்னிடம் நீட்டினார். "ஹெல்மெட் போட்டுக்க. வர்ற வழியில தயிர் வாங்கிட்டு வா."

நான் மீதி வாக்கியங்களைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எட்டு வருடத்தை நினைத்துக் கண் கலங்கியது.

பாய்க்குத் தாடி முழுக்க வெளுத்திருந்தது. என்னை உடனே அடையாளம் தெரியவில்லை. "ரிக்கம்மாகூட வருவீங்களே" என்றார் பிறகு. அக்காவைப் பற்றிக் கேட்டேன். இரண்டு வருடம் ரம்ஜானுக்குப் போன் செய்தாராம், அப்புறம் இல்லையாம். எந்த ஊர் என்று அவருக்கும் தெரியவில்லை. "அங்கயும் ஒரு குதிரையைப் புடிச்சிருப்பாங்க, விடுங்க" என்றார்.

ராணி கொட்டகையின் கோடியில் நின்றது. முதுகு தாழ்ந்துவிட்டது, கண்ணுக்கு மேலே குழி. பழுப்பு அப்படியே இருந்தது. ஊர்வலத்துக்கெல்லாம் அனுப்புவதில்லையாம். "வருசக்கணக்கா காதோரம் பேண்டும் வெடியும். சுத்தமாச் செவிடு ஆயிடுச்சும்மா. உங்களுக்கு நல்லதுதான், இப்ப என்ன மேளம் வந்தாலும் நிக்கும்."

மரப்பெட்டி மேல் ஏறி நின்றேன். "இப்ப ஏறட்..." வரை வந்துவிட்டது. நிறுத்திக்கொண்டு, ராணியின் கழுத்தில் இரண்டு தட்டுத் தட்டினேன். காது அசையவில்லை, தோல் மட்டும் ஒரு தடவை சிலிர்த்தது. ஏறினேன். வலது பக்கம் சுருக்கென்றது. மூச்சை முழுக்க இழுத்துப் பார்த்தேன். ஏற்காட்டு மலை இருந்த இடத்திலேயே இருந்தது.

பாய் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடந்தார். இரண்டாவது சுற்றில், கேட்டோரம் வரும்போது எனக்குக் கேட்டது. மிகத் தூரத்தில். தவில்.

"பாய், மேளம் வருது" என்றேன்.

பாய் நின்று தலையைச் சாய்த்தார். "எனக்கு ஒண்ணும் கேக்கலியே. உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்குது பாய். நல்லாக் கேக்குது."

ராணிக்குக் கேட்கவில்லை. தலையைத் தொங்கவிட்டு நின்றுகொண்டிருந்தது. அதை அப்படியே விட்டிருந்தால் ஊர்வலம் அதன் பாட்டுக்குப் போயிருக்கும். எனக்கும் விலாவுக்கும் நல்லது. நான் குனிந்து, அதன் கழுத்தில் உள்ளங்கையை வைத்து இரண்டு தட்டுத் தட்டினேன். பிறகு, தெருமுனையிலிருந்து வருகிற அடியை அப்படியே, வந்த வேகத்திலேயே, விரல்களால் அதன் தோலில் தட்டத் தொடங்கினேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு கழுத்து வளைந்தது. ராணி வலது முன்னங்காலைத் தூக்கியது.